கேள்வி–பதில்: தீ வைக்கும் பிள்ளையின் கையில் ஒரு கேமரா

இரண்டு இதழ்களுக்கு முன், தீப்பெட்டியை எங்கே ஒளித்து வைத்தாலும் தேடி எடுத்து எதையாவது கொளுத்திவிடும் ஒரு சிறுவனைப் பற்றிய கேள்விக்கு இந்தப் பகுதியில் விடை எழுதினேன். அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலரிடம் கேமராவைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன் என்று போகிறபோக்கில் அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானவையாகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. எழுதியவர்களையும், என் பதில்களில் வரும் பிள்ளைகளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. அவன் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் சில மாதங்கள் இருந்து திரும்பியவர். படகு திரும்பவில்லை. வந்த நாள் முதல் குடிக்கிறார், வீட்டில் சண்டை ஓயவில்லை. மகன் முதலில் அடுப்படியில் காகிதத்தைக் கொளுத்தினான். பிறகு வேலி ஓரம் குவித்திருந்த பனை ஓலைக்குத் தீ வைத்தான். போன மாதம் வலை போட்டு வைத்திருக்கும் சாய்ப்பில் தீ வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். ஆத்திரத்தில் கரண்டியைக் காய்ச்சி அவன் கையில் சூடு வைத்தேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. கேமரா கொடுத்தால் மாறுவானா? என் தம்பியின் பழைய செல்போன் இருக்கிறது. — ஒரு தாய், பாம்பன் பகுதி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண் அந்தக் கரண்டியில்தான் முதலில் நின்றது. அதை மறைக்காமல் எழுதிய உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இனி ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். தீயினால் எதையும் சொல்லிவிடலாம் என்று ஏற்கெனவே நம்பத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு, பெரியவர்களும் கோபம் வந்தால் நெருப்பைத்தான் எடுப்பார்கள் என்பதை அந்தச் சூடு உறுதிப்படுத்திவிடுகிறது. அம்மா செய்தது தப்பு என்று நீங்களே அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் கேமராவை நீட்டினால் அவன் அதை லஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வான்.

அடுத்தது பாதுகாப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் கரையில் ஓலைச் சாய்ப்பில் பிடித்த தீ அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. நைலான் வலையோ எரியும்போது உருகிச் சொட்டும், அந்தச் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஆகவே தீப்பெட்டியும் லைட்டரும் உங்கள் இடுப்பில் இருக்கட்டும், மண்ணெண்ணெயும் படகு டீசலும் பூட்டுக்குள் இருக்கட்டும், வலையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். போலீஸ் என்று மிரட்டுபவர்களுக்கு ஒரு செய்தி: 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் சட்டப்படி குற்றமாகாது, 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தன் செய்கையின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இல்லையென்றால் அதுவும் குற்றமாகாது, அதற்கு மேற்பட்டு 18 வயது வரையிலும் விசாரிக்க வேண்டியது சிறார் நீதிக் குழுமமே. இதைச் சண்டையாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள். அவர்களுடைய கூரையைப் பற்றிய பயம் நியாயமானது.

இனி கேமராவுக்கு வருகிறேன். தீ வைக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். தீ என்ன செய்யும் என்று பார்க்கும் ஆசையில் கொளுத்துகிறவர்கள் மிகப் பலர். கூட்டாளிகளோடு சேர்ந்து குறும்புக்குச் செய்கிறவர்கள் உண்டு. வீட்டில் தாங்க முடியாத ஒன்று நடக்கும்போது அதைச் சொல்லச் சொல் இல்லாமல் செய்கிறவர்களும் உண்டு. தீயின் மேலேயே தீராத இச்சை கொண்டு வைப்பதாக மருத்துவ நூல்கள் சொல்லும் நோய் மிக அரிது. குழந்தைகளிடம் அதைவிட அரிது. உங்கள் மகன் எந்த வகை என்று கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் எந்த நேரத்தில் வைத்தான், தனியாக இருந்தானா, பற்றிய பிறகு ஓடினானா, நின்று பார்த்தானா, யாரையாவது கூப்பிட்டானா, அதற்கு முந்தைய இரவு வீட்டில் என்ன நடந்தது என்பவற்றை நினைவுபடுத்தி எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். தானாக ஓடி வந்து சொன்ன பிள்ளைக்கும் மறைத்த பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஒரு சிறுவனின் கதையைச் சொல்கிறேன்; வேறொரு கரை, வேறொரு குடும்பம். ஒரு நாளைக்கு 6 படம் என்ற கணக்கில், எதை வேண்டுமானாலும் எடு, தீயை மட்டும் எடுக்காதே என்று 4 நாள் அவனிடம் கேமரா இருந்தது. 24 படங்களையும் அச்சிட்டுப் பள்ளித் தரையில் பரப்பினோம். படகு, நாய்க்குட்டி, காயப்போட்ட கருவாடு, தங்கையின் கொலுசு ஆகியவற்றுக்கு நடுவே ஒரே பொருள் 7 படங்களில் இருந்தது: வீட்டுக் கதவின் உட்பக்கக் கொண்டி. 7 படங்களிலும் அது சாய்வாக, மிக உயரத்தில், பாதி இருட்டில் தெரிந்தது. ஏன் இதையே எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். எங்கே இருந்து எடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். “கட்டிலுக்குக் கீழ” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, நாங்கள் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசினோம்.

மூன்று வாரம் கழித்து அவனே அந்தப் படங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் கொண்டியைப் போட்டுவிடுவார் என்றும், அப்போது அம்மாவால் வெளியே ஓட முடியாது என்றும் சொன்னான். பிறகு மிகச் சாதாரணமான குரலில், “தீப் பிடிச்சா எல்லாரும் வெளிய வந்துருவாங்கள்ல, அம்மாவும் வந்துரும்” என்றான். அவன் தீ வைத்த மூன்று முறையும் வீட்டின் பின்பக்கம்தான் வைத்திருந்தான், வாசல் பக்கம் ஒருமுறைகூட வைக்கவில்லை என்பது அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஊர் அவனைக் கொள்ளிக்கட்டை என்று அழைத்துக்கொண்டிருந்தது.

கேமரா அங்கே செய்த வேலை சிறியதுதான். நடந்ததை நேராகச் சொல்லும்போது பிள்ளை அந்த அறைக்குள்ளேயே திரும்பிப் போய்விடுகிறது. படத்தைக் காட்டிச் சொல்லும்போது, அது கையளவுக் காகிதத்தில் அடங்கிய ஒன்றாக, திருப்பிப் போட்டுவிடக்கூடியதாக இருக்கிறது. எதைப் படச்சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று முடிவு செய்ததும் அவன்தான். அவன் வீட்டில் வேறெதையும் முடிவு செய்யும் இடத்தில் அவன் இருந்ததில்லை. உங்கள் மகனிடமும் படத்தின் ஓரத்துக்கு அப்பால் என்ன இருந்தது, அப்போது என்ன சத்தம் கேட்டது, இந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டிய ஆள் யார் என்கிற மாதிரிக் கேள்விகளை மட்டும் கேளுங்கள். விடை வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிற்பாடு, பழகிய ஓர் ஆலோசகர் உடனிருந்தால், படங்களை வரிசையாக அடுக்கலாம். 1983-ல் பம்பாஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் தீ வைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முறையை எழுதினார்கள். தீ வைப்பதற்கு முன் என்ன நடந்தது, மனம் எப்படி ஏறியது, வைத்தபின் எப்படி இறங்கியது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு கோட்டுப் படமாக வரைய வேண்டும். கோடு ஏறும் இடம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பழக்கலாம். கோடு வரையத் தயங்கும் பிள்ளைகள், படங்களைத் தரையில் முன்னும் பின்னும் நகர்த்தி அதே வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் கேமராவே மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். பிட்ஸ்பர்க் நகரில் டேவிட் கோல்கோ என்ற உளவியலாளர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், தீயணைப்பு வீரர் வீட்டுக்கு வந்து புத்தி சொல்லிப் போவதைவிட, பல அமர்வுகளாகத் தொடர்ந்த தீப்பாதுகாப்புப் பயிற்சியும் மன ஆலோசனையும் கூடுதல் பலன் தந்தன. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். அதுவரை 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இன்னொன்றையும் மறக்காதீர்கள். வீட்டில் அடிக்கும் ஒருவர் இருக்கும்போது பிள்ளை எடுக்கும் படம் அவர் கண்ணில் பட்டால், அவன் சாட்சியாகிவிடுவான், அதற்காகவே அடி வாங்குவான். ஆகவே செல்போனும் படங்களும் பள்ளியிலோ உங்கள் தம்பி வீட்டிலோ இருக்கட்டும். உங்களுக்கு ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181, அவனுக்கு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

கேள்வி: நெருப்போடு விளையாடினால் ராத்திரி பாயில் மூத்திரம் போவாய் என்று என் அப்பத்தா சொல்வார். இப்போது என் பேரனுக்கு இரண்டும் இருக்கிறது. தீ வைப்பதும் படுக்கையை நனைப்பதும் சேர்ந்திருந்தால் பிற்காலத்தில் கொலைகாரனாவான் என்று ஒரு வீடியோவில் சொன்னதைக் கேட்டுத் தூக்கம் போய்விட்டது. — ஒரு பாட்டி, தேவிபட்டினம்

பதில்: அம்மா, உங்கள் அப்பத்தா சொன்னது பிள்ளைகளை அடுப்பிலிருந்து விலக்கி வைக்கச் சொன்ன நல்ல பொய். அந்த வீடியோக்காரர் சொன்னது கெட்ட பொய். அமெரிக்காவில் பணியாற்றிய ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963-ல், கொலை மிரட்டல் விடுத்த தம் நோயாளிகள் சிலரைப் பார்த்துவிட்டு, படுக்கையை நனைத்தல், தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல் ஆகிய மூன்றையும் ஒரு தொகுதியாக எழுதினார். சினிமாக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இவை சேர்ந்து தெரிந்தால், அந்தப் பிள்ளை யாரிடமோ துன்பப்படுகிறதா என்று கேட்பதுதான் சரியான கேள்வி என்பதே இன்று பலருடைய கருத்து. படுக்கையை நனைப்பதற்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் போன்ற சாதாரணக் காரணங்களும் உண்டு. அதற்குக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பாயை வெயிலில் போடும்போது தெருப் பிள்ளைகள் பார்க்காத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் என் செல்போனைக் கொடுத்து ‘என் ஊர்’ என்று படம் எடுக்கச் சொன்னேன். ஒரு மாணவன் எடுத்தவை முழுக்கப் புகையும் கரியும் சாம்பலும்தான். இவனுக்குள் ஏதோ காயம் இருக்கிறதா? — ஓர் ஆசிரியர், சாயல்குடி வட்டாரம்

பதில்: ஐயா, முதலில் அவன் வீட்டார் கரிமூட்டம் போடுகிறவர்களா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, ஓலையும் மண்ணும் போட்டு மூடி, காற்றுத் துளை விட்டுப் பல நாள் புகைய விடும் குடும்பங்கள் எத்தனையோ. வெள்ளைப் புகை மெலிந்து நீலம் தட்டும்போது மரம் கரியாகிவிட்டது என்று அறிந்து துளையை அடைக்க அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது. டேனியல் ஃபெஸ்லர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2006-ல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே பொருந்தும். தீயை அன்றாடம் கையாளும் சமூகங்களில் பிள்ளைகள் சிறு வயதிலேயே அதை ஆளக் கற்றுக்கொள்வதால் அதன் மேலுள்ள மயக்கமும் சீக்கிரம் தணிகிறது. தீயைப் பார்க்கவே வாய்ப்பில்லாத நகரத்துப் பிள்ளைகளிடம்தான் அந்த மயக்கம் வளர்ந்த பிறகும் நீடிக்கிறது என்கிறார் அவர். மூட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் மூட்டத்தைப் படம் எடுத்தால், அவன் உங்கள் தலைப்புக்குச் சரியாக விடை எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

படத்தை ஜாதகம் போல் படிக்கும் ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 1850களில் இங்கிலாந்தின் சர்ரே மனநலக் காப்பகத்தில் ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர் தம் நோயாளிப் பெண்களைப் படம் எடுத்து, முகத்தைப் பார்த்தே நோயை வகைப்படுத்தலாம் என்று நம்பி, 1856-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையும் படித்தார். அந்த நம்பிக்கை காலத்தோடு போய்விட்டது. ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார்: எடுத்த படங்களை அந்தப் பெண்களிடமே காட்டினார், தம் படத்தைத் தாமே பார்த்தது சிலருக்கு நன்மை செய்ததாகக் குறித்தும் வைத்தார். அவர் முக்கியமாக நினைத்தது பொய்யாகி, ஓரத்தில் குறித்து வைத்தது இன்றுவரை நிற்கிறது.

எனவே அந்தப் படங்களை நீங்கள் படிக்காதீர்கள், அவனிடம் கொடுத்து அவனைப் படிக்கச் சொல்லுங்கள். துளை அடைப்பதைப் பற்றி அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசினால் கவலையை விடுங்கள். ஒரு படத்துக்கு வந்ததும் பேச்சு நின்று, அதைப் புரட்டிப் போட்டுவிட்டால், அன்றைக்கு அதைத் தொடாமல், தனியாக அவனோடு இருக்க ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். அவன் சொல்வது யாரோ அவனுக்குச் செய்த பாலியல் தீங்கு என்று தெரிந்துவிட்டால் நீங்கள் விசாரணை அதிகாரியாகிவிடக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைப் புகாராகத் தெரிவிக்கும் கடமை மட்டும் உங்களுக்கு உண்டு. அதை மறைப்பது குற்றம். அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பது அவனை இரண்டாவது முறை வதைப்பதாகும்.

கேள்வி: எனக்கு 36 வயது, வெளிநாட்டில் வேலை. 11 வயதில் என் உறவினர் ஒருவரின் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தேன். அவர் எனக்குச் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பழி ஆடு மேய்த்த ஒரு பையன் மேல் விழுந்தது; அவனைக் கட்டி வைத்து அடித்தார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று மனம் அரிக்கிறது. நல்ல கேமரா வைத்திருக்கிறேன். போகலாமா? — ஒரு வாசகர், தொண்டிப் பக்கம்

பதில்: போகலாம், தனியாகப் போக வேண்டாம், முதல் நாளே போகவும் வேண்டாம். 25 வருடம் யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக ஒரு வெற்றுப் பொட்டலின் முன் நின்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது, அந்த 11 வயதுப் பையனை மறுபடியும் துணையில்லாமல் அங்கே நிறுத்துவதாகும். வெளிநாட்டில் இருக்கும்போதே, இணையவழியிலாவது, ஒரு மனநல ஆலோசகரோடு சில மாதம் பேசிவிட்டு வாருங்கள். ஊருக்கு வரும்போது விஷயம் தெரிந்த ஒருவர், மனைவியோ நண்பரோ, உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

உங்கள் மனத்தை அரிப்பது விசித்திரமான ஆசை இல்லை. 1984 வாக்கில் லண்டனில் ஜோ ஸ்பென்ஸ், ரோஸி மார்ட்டின் என்ற இரு நிழற்படக் கலைஞர்கள் இதையே ஒரு முறையாக வகுத்தார்கள். குடும்ப ஆல்பத்தில் பிறந்தநாளும் கல்யாணமும்தான் இருக்கின்றன, அழுகையும் அவமானமும் இல்லை என்பதைக் கண்ட அவர்கள், ஆல்பத்தில் விடுபட்ட காட்சிகளைத் தாமே நடித்து ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். ஒருவர் நடிக்கும்போது மற்றவர் கேமராவோடும் ஆதரவோடும் இருப்பார்; பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். நடிப்பவர் தம் பெற்றோராகவும் வேடம் கட்டுவார், சிறு வயதுத் தாமாகவும் வேடம் கட்டுவார். உங்களை நடிக்கச் சொல்லவில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் மட்டுமே நிற்காமல், யாராவது ஒருவர் உங்களை அந்த இடத்தில், இன்றைய வயதில், இன்றைய உயரத்தில் நிற்க வைத்து ஒரு படமாவது எடுக்கட்டும். உங்கள் நினைவில் அந்தப் படப்பு இன்னும் உங்களைவிட உயரமாக எரிந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு யோசனை. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த இடிந்த தேவாலயத்தை ஒரே கோணத்தில் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலோடு அந்த ஊர் முடிந்துவிட்டது என்பது போல. நூறடி தள்ளி ஓலைக் குடிசையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்களும் எரிந்த இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். அந்தக் காட்டில் இப்போது என்ன விளைகிறது, வரப்பில் யார் நடக்கிறார்கள், நீங்கள் அன்று ஓடி ஒளிந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமே மாறிப்போய் எதுவும் அடையாளம் தெரியாவிட்டால் அதையும் ஒரு படமாக எடுத்துவிடுங்கள்.

அந்த ஆடு மேய்த்தவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அவரைப் பற்றிய வரிதான் அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது. அவரைத் தேடிப் போவது பின்னால் வரலாம். உங்கள் பாரத்தை இறக்கி வைப்பதற்காக என்றால் வேண்டாம், அவருக்கு அது தேவைப்படுமா என்று ஆலோசகரோடு பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். எப்படியும் கழுத்தில் கேமராவோடு அவர் முன்னால் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: நான் ராமநாதபுரத்தில் நிழற்படக்காரன். காயப்பட்ட பிள்ளைகள், தீ வைத்துப் பிடிபட்ட பிள்ளைகள் ஆகியோரின் முகங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கண்காட்சி வைத்தால் விழிப்புணர்வு வரும் அல்லவா? — ஒரு வாசகர்

பதில்: தம்பி, வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இத்தகைய பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கின்றன. முன்னதற்கு 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. கண்ணின் மேல் கறுப்புப் பட்டை போட்டாலும், உங்கள் கரையில் சட்டையைப் பார்த்தே யார் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள்.

சட்டத்தை விடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அன்று வெளிவந்த படங்கள் நாட்டை உலுக்கின, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. படத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர்கள் யாரும் தம்மை எடுக்கச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு, 20 வயதில் பெண் பார்க்கப் போகும்போதோ வேலை கேட்டுப் போகும்போதோ, உங்கள் கண்காட்சி முன்னால் போய் நிற்கும்.

உங்களிடம் திறமை இருக்கிறது, அதை வேறு மாதிரிப் பயன்படுத்துங்கள். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் கேரலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்கச் செய்து, எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்பதையும் அவர்களிடமே விட்டார்கள். நீங்களும் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேமரா சொல்லிக் கொடுங்கள். தீ வைத்த பிள்ளையைத் தனியாகப் பிரிக்காதீர்கள். வெளிச்சத்தை அளப்பது எப்படி, ஓடும் நண்டை மங்காமல் எடுப்பது எப்படி என்று மட்டும் நீங்கள் கற்றுக்கொடுத்தாலே போதும்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்குவது? பிரிண்ட் போடத்தான் வேண்டுமா, செல்போனிலேயே பார்த்தால் ஆகாதா? — ஒரு தந்தை, கீழக்கரை

பதில்: எதுவும் வாங்காதீர்கள். சிம்மை எடுத்துவிட்டு இணையத்தையும் துண்டித்த பழைய செல்போன் போதும். சுயபடம் எடுக்கும் முன்பக்கக் கேமராவை முதல் வாரம் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 24 படமும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். எண்ணிக்கைக்குக் கட்டாயம் வரம்பு வையுங்கள். அடுப்பு, விளக்கு, மெழுகுவத்தி எதையும் எடுக்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். படத்துக்காகவே கொளுத்திப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது. அணைந்த அடுப்பு, ஆறிய சாம்பல் என்று அவனாக எடுத்தால் எடுக்கட்டும்.

பிரிண்ட் கட்டாயம் வேண்டும். செல்போனில் ஒரு படத்தை விரல் தள்ளினால் அடுத்தது வந்துவிடும். தரையில் பரப்பினால்தான் எது எதற்குப் பக்கத்தில் போகிறது, எது பாய்க்கு அடியில் ஒளிகிறது என்று தெரியும். 4×6 அங்குல அளவு போதும். ஸ்டூடியோவில் கொடுக்கும்போது, எந்தப் படத்தையும் வெளுப்பாக்கவோ நேராக்கவோ வேண்டாம், கோணலாக, இருட்டாக, ஆட்டத்தோடு இருந்தாலும் அப்படியே போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன அந்தக் கொண்டிப் படங்களில் மூன்றை, ‘இதெல்லாம் தவறி அழுத்திட்டான் சார், உங்க காசு எதுக்கு வீண்’ என்று ஸ்டூடியோக்காரர் முதலில் அச்சிடாமலே விட்டிருந்தார். 24 படத்துக்குப் பணம் கொடுத்து 21 இருக்கிறதே என்று எண்ணிப் பார்த்து, திரும்பப் போய் வாங்கி வந்தேன்.